டேங்க் மூடி எந்தப் பக்கம்?

கார் வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்காத கேள்வி கிடையாது. மைலேஜ் என்ன கிடைக்கும், ஏர்பேக் எத்தனை, பின்சீட்டில் மூன்று பேர் நெருக்கமில்லாமல் உட்கார முடியுமா, பழைய வண்டியை எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று எல்லாம் கேட்பார். டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்கமாட்டார். அந்தக் கேள்வியை அவரிடம் வேறொருவர் கேட்பார், பெரும்பாலும் வண்டியை டெலிவரி எடுத்த அன்றே. ஷோரூமில் ஊற்றித் தரும் பெட்ரோல் அடுத்த பங்க் வரைக்கும்தான் காணும். பங்க்குக்குள் நுழைந்ததுமே கையைக் காட்டி நிறுத்தி, "சார், டேங்க் எந்தப் பக்கம்?" என்பார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடி இருக்கும் பக்கத்துக்காக ஒரு காரை வாங்கவும் வேண்டாம், வேண்டாம் என்று ஒதுக்கவும் வேண்டாம். இரண்டு வண்டிகள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக நின்று, இதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றால், நம் ஊர் பங்க்குகளின் அமைப்புக்கும் நம் பழக்கத்துக்கும் வலப்பக்க மூடி கொஞ்சம் தோதானது என்பேன். ஆனால் நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு மூடி இடப்பக்கம்தான். ஆகவே இந்த அத்தியாயத்தில் பாதி, எது நல்லது என்பதைப் பற்றியது. மீதி, கிடைத்ததை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்பதைப் பற்றியது.

யார் முடிவு செய்தது?

மாருதி ஸ்விஃப்ட், வேகன்ஆர், ஹூண்டாய் ஐ10, கிரெட்டா, ஹோண்டா சிட்டி, டொயோட்டா இன்னோவா எல்லாவற்றுக்கும் மூடி இடப்பக்கம். ஃபோக்ஸ்வாகன் போலோ, ஸ்கோடா ஆக்டேவியா, பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி இவற்றுக்கு வலப்பக்கம். பட்டியலைப் பார்த்ததுமே ஒரு கணக்கு பிடிபடும்: ஜப்பான் வண்டிகளுக்கு இடம், ஜெர்மன் வண்டிகளுக்கு வலம்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் சாலையோரம். பெட்ரோல் தீர்ந்து வண்டி வழியில் நின்றுவிட்டால், கேனில் வாங்கிவந்து ஊற்றுகிறவர் ஓடும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நிற்கக்கூடாது. சாலையோரப் பக்கமாக நின்று ஊற்ற வேண்டும். ஜப்பானில் நம்மைப் போலவே இடப்பக்கமாக ஓட்டுகிறார்கள். சாலையோரம் என்பது இடப்பக்கம், மூடியும் அங்கே. ஜெர்மனியில் வலப்பக்கமாக ஓட்டுகிறார்கள், மூடியும் வலப்பக்கம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொரியாவைக் கொண்டுவந்து வைத்தால் கணக்கு இடிக்கிறது. அங்கே வலப்பக்கமாக ஓட்டுகிறார்கள், ஹூண்டாய்க்கு மூடியோ இடப்பக்கம். அவர்கள் ஊரில் அது ஓட்டுநர் இறங்கும் பக்கம். இறங்கியதும் கைக்கெட்டும் தூரத்தில் மூடி இருக்கட்டும் என்ற வசதியை அங்கே எடுத்துக்கொண்டிருக்கலாம். அமெரிக்கக் கார்களில் இரண்டு வகையும் உண்டு. ஜப்பானிலேயே சுபாரு வலப்பக்கத்தில் வைக்கிறது. இந்தப் பக்கம்தான் வைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதிகள் எதுவும் சொல்லவில்லை. இங்கேயும் ஒரே ஷோரூம் தெருவில் இரண்டு வகையும் விற்கின்றன.

மூடி எங்கே என்பதை வண்டியின் அடிப்பகுதிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இன்றைய கார்களில் டேங்க் பின்சீட்டுக்கு அடியில், பின் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு கழுத்துக்குழாய் பின்சக்கர வளைவை ஒட்டி மேலே ஏறி, பக்கவாட்டுத் தகட்டில் வந்து முடிய வேண்டும். சைலன்ஸர் குழாய் கொதிக்கக் கொதிக்க ஒரு பக்கமாகப் பின்னோக்கிப் போகும். பெட்ரோல் குழாய் அதனிடமிருந்து விலகியிருக்க வேண்டும். ஸ்டெப்னிக்கு இடம் வேண்டும். தள்ளுகதவு வைத்த வேன் என்றால் கதவு பின்னோக்கிச் சரியும்போது திறந்திருக்கும் மூடியில் இடிக்காமல் பார்க்க வேண்டும். மூடி திறந்திருந்தால் அந்தப் பக்கக் கதவு முழுதாகத் திறக்காதபடி சில வேன்களில் ஒரு தடுப்பே வைத்திருக்கிறார்கள். இத்தனையையும் ஒருமுறை ஒழுங்குபடுத்தி, மோதல் சோதனையும் முடித்த பிறகு, வேறு நாட்டுக்கு ஏற்றுமதி செய்யும்போது ஸ்டீயரிங்கை மாற்றுவார்கள், டாஷ்போர்டைப் புரட்டிப் போடுவார்கள், கழுத்துக்குழாயைத் தொடமாட்டார்கள். அதனால்தான் ஜெர்மனியின் சாலையோரத்துக்காக வைத்த மூடி நம் ஊரில் போக்குவரத்துப் பக்கமாகத் திறக்கிறது. நீங்கள் வாங்குவது இன்னொரு நாட்டின் சாலைக்கு எடுத்த முடிவு. அதில் நமக்கான நியாயத்தைத் தேடிப் பயனில்லை.

பக்கவாட்டில் வைப்பது என்பதும் எல்லாக் காலத்திலும் இருந்த வழக்கம் அல்ல. 1956 ஷெவர்லேயில் இடப்பக்கப் பின்விளக்கைச் சாய்த்தால் அதற்குப் பின்னால் மூடி இருக்கும். முதல் ஃபோர்டு மஸ்டாங்கில் பின்புறத்தின் நட்டநடுவில் வைத்தார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் டேங்க் முன்னால் இருந்தது. பழைய மாடல்களில் முன் மூடியைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். போர்ஷே 911இல் இன்றும் முன்சக்கரத்துக்கு மேல்தான். ஜாகுவார் எக்ஸ்ஜே6 இந்தப் பிரச்சினையைச் செல்வந்தர் வீட்டு முறையில் தீர்த்தது: இரண்டு டேங்க், இரண்டு மூடி, பக்கத்துக்கு ஒன்று. நடுப்பின்புற மூடி மட்டும் இன்றும் இருந்திருந்தால் பங்க்கில் எந்தப் பக்கம் நிறுத்துவது என்ற பேச்சே எழாது. ஆனால் பின்னால் வரும் வண்டி மோதினால் முதலில் நசுங்குகிற இடம் அது. இதில் உலகம் பாடம் படித்தது ஃபோர்டு பின்டோவில். அதன் மூடி இடப்பக்கவாட்டில்தான் இருந்தது. டேங்க்தான் பின் அச்சுக்குப் பின்னால், பம்பரை ஒட்டி இருந்தது. பின்னாலிருந்து மோதினால் கழுத்துக்குழாய் டேங்கிலிருந்து உருவிக்கொண்டு வந்து பெட்ரோல் கொட்டியது. 1978இல் ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது. டேங்க் அச்சுக்கு முன்னால் நகர்ந்ததும், மூடி பின்சக்கரத்தை ஒட்டிப் பக்கவாட்டில் நிலைத்ததும் இந்த மாதிரிக் கசப்பான அனுபவங்களுக்குப் பிறகுதான்.

பங்க்கின் தரையைப் படித்துக்கொள்ளுங்கள்

நெடுஞ்சாலையோ சிற்றூரோ, நம் பங்க்குகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். சாலையின் இடப்பக்கம் பங்க். பம்புகள் நிற்கும் சிமென்ட் திட்டு சாலைக்கு இணையாக நீளும். திட்டுக்கு இந்தப் பக்கம் சாலையை ஒட்டி ஒரு தடம்; அந்தப் பக்கம் ஆபீஸ் அறையை ஒட்டி ஒரு தடம். வண்டி இடப்பக்கம் திரும்பி உள்ளே வந்து, சாலையில் போன அதே திசையில் நகர்ந்து, அடுத்த வாசலில் வெளியேறும்.

இப்போது மூடியை இதில் வைத்துப் பாருங்கள். சாலையை ஒட்டிய தடத்தில் நுழைந்தால் திட்டு உங்களுக்கு இடப்பக்கம் வரும். இடப்பக்க மூடிக்கு அதுதான் இடம். ஆபீஸை ஒட்டிய உள் தடத்தில் நுழைந்தால் திட்டு வலப்பக்கம் வரும். அது வலப்பக்க மூடிக்கானது. ஒரே திட்டு இருக்கும் பங்க்கில் இதை மீறி எதுவும் செய்ய முடியாது. இரண்டு, மூன்று திட்டு இருந்தால் நடுத் தடங்களில் யார் எங்கே நின்றாலும் ஏதோ ஒரு பக்கம் பம்ப் கிடைக்கும்.

இதன் விளைவை எந்த ஊர் பங்க்கிலும் மாலை ஆறு மணிக்கு நின்று பார்க்கலாம். பெரும்பாலான கார்களுக்கு மூடி இடப்பக்கம் என்பதால் சாலையை ஒட்டிய தடத்தில் வால் நீண்டு, கடைசி வண்டி பாதி ரோட்டில் நிற்கும். உள் தடத்தில் பைக்குகள் வந்துபோகும். கார் ஒன்றோ இரண்டோதான் நிற்கும். போலோ வைத்திருப்பவர் நேராக உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ராபர்ட் ஃபிராங்க் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் இதை வைத்து ஒரு விளக்கமே தந்திருக்கிறார். எல்லாக் கார்களுக்கும் மூடி ஒரே பக்கம் இருந்தால் எல்லாரும் பம்பின் ஒரே பக்கத்தில் முண்டியடிப்பார்கள், மறுபக்கம் காலியாகக் கிடக்கும். இரண்டு வகையும் கலந்திருப்பதால்தான் வரிசை குறைகிறது என்பது அவர் வாதம். கலந்திருப்பதன் பயன் உண்மை. ஆனால் கலந்திருப்பதற்கு அதுதான் காரணம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பங்க்கில் அடுத்தவன் வரிசை குறையட்டும் என்று எந்தக் கம்பெனி கழுத்துக்குழாயை இடம் மாற்றும்?

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. சாலையிலிருந்து திரும்பும்போதே உங்களுக்கான தடம் எது என்று பார்த்துத் திரும்புங்கள். உள்ளே நுழைந்த பிறகு யோசித்தால், பின்னால் இரண்டு ஆட்டோ வந்து ஒட்டி நின்றிருக்கும். ரிவர்ஸ் எடுக்க வழி இருக்காது. வலப்பக்க மூடிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உள் தடம் பல இடங்களில் பைக்குகளுக்கும் காற்றடிக்க வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் விடப்பட்டிருக்கிறது. நுழையும்போதே ஊழியர் கண்ணில் படும்படி கையைக் காட்டி, "வலது பக்கம் டேங்க்" என்று சொல்லிவிட்டால், "அப்ப அந்தப் பக்கம் வந்துருங்க சார்" என்று அவரே பைக்குகளை ஒதுக்கிக் கொடுப்பார்.

வலப்பக்கம் ஏன் என்கிறேன்

மேலை நாட்டுக் கட்டுரைகளில் இந்த விவாதம் முழுக்க, ஓட்டுநரே இறங்கிப் போய் ஊற்றுகிறார் என்ற எண்ணத்தில்தான் நடக்கும். நம் ஊரில் ஊற்றுவது பங்க் ஊழியர். ஓட்டுநரின் வேலை ஊற்றுவது அல்ல, பார்ப்பது. "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்று அந்த அக்கா சொல்லும்போது திரையில் ஜீரோ இருக்கிறதா, சொன்ன தொகைக்கு எண்கள் ஓடி நிற்கிறதா, நாஸிலை எடுக்கும்வரை வேறு பேச்சில் கவனம் போகாமல் இருக்கிறதா என்பதுதான் நமக்கு முக்கியம். இதற்கு வலப்பக்கம் வசதி. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினால் பம்பின் திரை எதிரே இருக்கிறது. பக்கக் கண்ணாடியில் நாஸில் தெரிகிறது. இறங்கினாலும் வண்டிக்கும் திட்டுக்கும் நடுவில்தான் இறங்குகிறீர்கள். அந்த இடுக்கில் வேறு வண்டி வராது.

இடப்பக்க மூடியில் நிலைமை வேறு. நீங்கள் இறங்குவது அடுத்த வண்டி ஓடும் பக்கம். கதவைத் திறக்கும்போது ஒரு ஸ்கூட்டர் உரசிக்கொண்டு போகும். பிறகு காரின் பின்னால் சுற்றி, பின்னால் நிற்கும் வண்டியின் பம்பருக்கும் உங்கள் பம்பருக்கும் நடுவில் நுழைந்து மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் இருநூறு ரூபாய் ஓடியிருக்கும். இறங்காமல் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவரின் தலையைத் தாண்டி எட்டிப் பார்க்க வேண்டும்.

சாலையோரக் கேன் விஷயத்தில் இடப்பக்கத்துக்கு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. பைபாஸில் இரவு நேரத்தில் லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது வலப்பக்கம் நின்று ஊற்றுவது ஆபத்து. ஆனால் பெட்ரோல் தீர்ந்து நிற்பது வாழ்நாளில் எப்போதோ நடப்பது; பங்க்குக்குப் போவது வாராவாரம் நடப்பது. எப்போதோ நடப்பதற்கு, வண்டியை முடிந்தவரை இடப்பக்கம் மண்தரையில் இறக்கி நிறுத்தி, எச்சரிக்கை முக்கோணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஊற்றினால் போதும். முக்கோணம் வண்டியிலேயே கொடுத்திருப்பார்கள், பிரிக்காத உறையோடு டிக்கியில் கிடக்கும்.

இடப்பக்க மூடி வைத்திருப்பவர்கள், அதாவது பெரும்பாலோர், இரண்டு பழக்கங்களை வைத்துக்கொண்டால் குறை தெரியாது. பக்கத்தில் ஆள் இருந்தால் ஜீரோ பார்க்கும் பொறுப்பை அவரிடம் விடுங்கள். தனியாக வந்தால், நாஸிலை எடுக்கும் முன்பே இறங்கிச் சுற்றி வந்து நின்றுகொண்டு, தொகையைச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து தொகையைச் சொல்லிவிட்டுப் பிறகு இறங்குவதுதான் தவறான வரிசை. அளவில் சந்தேகம் வந்தால் பங்க்கில் வைத்திருக்கும், எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். கேட்டால் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடுதல் குறைவு அனுமதிக்கப்பட்டது. அதற்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம்.

தவறான பக்கம் நின்றுவிட்டால்

இது எல்லாருக்கும் நடக்கும். அதுவும் வீட்டில் ஒரு வண்டி, ஆபீஸில் ஒரு வண்டி என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்களுக்கு அடிக்கடி நடக்கும். பதறி ரிவர்ஸ் எடுப்பதற்கு முன், ஹோஸ் எட்டுமா என்று பாருங்கள். சின்னக் கார்களில் பெரும்பாலும் எட்டும். அதற்கு வண்டியைத் திட்டுக்கு நெருக்கமாக, ஒன்றரை அடி இடைவெளியில் நிறுத்தி, பம்ப் உங்கள் பின் பம்பருக்கு நேராக வரும்வரை முன்னால் நகர்த்த வேண்டும். ஹோஸ் டிக்கியைச் சுற்றி வளைந்து மறுபக்கம் போகும். கூரைக்கு மேலாக இழுத்துப் போட விடாதீர்கள். ஹோஸில் ஒட்டியிருக்கும் மண் பெயின்டில் கோடு போட்டுவிடும். அதில் இருக்கும் இரும்பு இணைப்பு பட்டால் சொட்டை விழும். சில பங்க்குகளில் ஒரு பழைய துணியை விரித்து அதன்மேல் ஹோஸைப் போடுவார்கள். அப்படிச் செய்கிறவர்களுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.

எட்டினாலும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. நாஸில் முறுக்கிக்கொண்டு தலைகீழாகவோ சாய்ந்தோ நுழைந்தால் தானாக நிற்கும் விசை சரியாக வேலை செய்யாமல் பெட்ரோல் வெளியே வழியலாம். ஹோஸை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் எட்டுகிறது என்றால் விட்டுவிடுங்கள். கை நழுவினால் நாஸில் துள்ளிக்கொண்டு வெளியே வரும். பெரிய எஸ்யூவிகளில் இந்த வித்தை வேண்டவே வேண்டாம். பேசாமல் ஒரு சுற்று சுற்றி வந்து மறு தடத்தில் நில்லுங்கள். வரிசையில் முன்னால் இடம் காலியாக இருக்கிறதே என்று எதிர்த்திசையில் மூக்கைத் திருப்பி நிறுத்துகிறவர்களும் உண்டு. பக்கம் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் கிளம்பும்போது உள்ளே வருகிற எல்லா வண்டிக்கும் எதிரில் நிற்பீர்கள். கூட்டமில்லாத காலை நேரத்தில் ஊழியரே சொன்னால் செய்யலாம், மற்ற நேரத்தில் வேண்டாம்.

அம்பும் நெம்புகோலும்

மூடி எந்தப் பக்கம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. டாஷ்போர்டில் பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் சின்ன பம்ப் படம் இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு குட்டி முக்கோணம் இருக்கிறதா பாருங்கள். அது காட்டும் பக்கம்தான் மூடி. பல வருடம் ஓட்டியவர்கள்கூட இதைக் கவனித்திருக்கமாட்டார்கள். இதன் பின்னால் ஒரு மழைநாள் இருக்கிறது. ஃபோர்டு கம்பெனியில் வேலை பார்த்த ஜிம் மொய்லன் 1986இல் கம்பெனி வண்டி ஒன்றை பங்க்குக்கு எடுத்துப் போய், தவறான பக்கம் நிறுத்தி, மழையில் நனைந்தார். திரும்பி வந்து, முள்ளுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் போடலாமே என்று எழுதிக் கொடுத்தார். சில ஆண்டுகளில் ஃபோர்டு வண்டிகளில் அது வந்தது. பிறகு மற்ற கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. இன்று அதை மொய்லன் அம்பு என்றே சொல்கிறார்கள். காசே ஆகாத யோசனை.

அம்பு இல்லாத பழைய வண்டிகளில் சிலர் பம்ப் படத்தில் ஹோஸ் வரைந்திருக்கும் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்பு அது. நம்ப வேண்டாம். ஹோஸ் எந்தப் பக்கம் வரையப்பட்டிருக்கிறது என்பதற்கும் மூடிக்கும் சம்பந்தமில்லை. அம்பு இல்லையென்றால் கிளம்பும் முன் ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்து பார்த்துக்கொள்வதுதான் வழி. வாடகை வண்டி எடுக்கும்போது இது கட்டாயம். அமெரிக்கா போகும் நம்மவர்கள் வாடகைக் காரில் முதல்முறை பங்க்குக்குள் நுழையும்போது, மூடியைத் திறப்பதிலிருந்து ஊற்றுவதுவரை எல்லாம் தானே செய்ய வேண்டியிருக்கும். நியூ ஜெர்சியில் மட்டும் இன்றும் ஊழியர்தான் போட வேண்டும் என்பது சட்டம். இலங்கையில் வண்டி எடுப்பவர்களுக்குச் சிரமம் குறைவு. அங்கே ஓடுவது பெரும்பாலும் ஜப்பான் வண்டிகள், சாலை விதியும் நம்முடையதைப் போல இடப்பக்கம்தான்.

மூடியைத் திறப்பது வண்டிக்கு வண்டி வேறு. பல கார்களில் ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே வலப்பக்கம் ஒரு நெம்புகோல் இருக்கும். பக்கத்திலேயே டிக்கி திறக்கும் நெம்புகோலும் இருக்கும். பெட்ரோல் போட வந்து டிக்கியைத் திறந்துவிட்டு விழிப்பவர்களை தினமும் பார்க்கலாம். நெம்புகோலில் சின்னதாக பம்ப் படம் இருக்கும், பார்த்து இழுங்கள். ஜெர்மன் வண்டிகளில் நெம்புகோல் தேட வேண்டாம். கதவுப் பூட்டு திறந்திருந்தால் மூடியை அழுத்தினாலே திறக்கும், பூட்டியிருந்தால் என்ன அழுத்தினாலும் திறக்காது. கேபிள் அறுந்து வெளிமூடி திறக்காமல் போவதும் உண்டு. அப்போது ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் பெயின்ட்தான் போகும். பல வண்டிகளில் டிக்கிக்குள், மூடி இருக்கும் பக்கத்து உட்சுவரின் உறையை விலக்கினால் கையால் இழுக்க ஒரு கம்பியோ நாடாவோ இருக்கும். உங்கள் வண்டியில் அது எங்கே என்று கையேட்டில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் திருகு மூடியை டிக்கி மேல் வைத்துவிட்டு மறப்பது பழைய கதை. இப்போது நாடாவில் தொங்கும், அல்லது வெளிமூடியின் உட்புறம் மாட்ட ஒரு கொக்கி இருக்கும். மூடும்போது கிளிக் சத்தம் கேட்கும்வரை திருகுங்கள். சரியாக மூடாவிட்டால் சில வண்டிகளில் எஞ்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்காக சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன் மூடியைப் பாருங்கள்.

சாய்வும் கிளிக்கும்

மூடியின் பக்கம் இன்னொரு வகையிலும் கணக்கில் வரும். மழைநீர் வடிவதற்காக பங்க் தரையில் லேசான சாய்வு கொடுத்திருப்பார்கள். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதைப் பொறுத்து கழுத்துக்குழாயில் பெட்ரோல் சீக்கிரமாகவோ தாமதமாகவோ எட்டும். நாஸில் நுனியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெட்ரோல் பாயும்போது அது காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் உயர்ந்து அந்த ஓட்டையை மூடியதும் காற்று வருவது நிற்கும், உள்ளே இழுவிசை ஏறி, பிடி கிளிக் என்று விழும். மின்சாரம் எதுவும் இல்லாத, அழகான ஏற்பாடு. ஒரே வண்டிக்கு ஒரே அளவு மீதி இருக்கும்போது, ஒரு பங்க்கில் ஃபுல் டேங்க் 32 லிட்டரும் இன்னொன்றில் 33 லிட்டரும் காட்டுவதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணமாக இருக்கலாம். உடனே பங்க்கைத் திட்ட வேண்டாம். மைலேஜ் கணக்குப் போடுகிறவர்கள் இரண்டு முறையும் ஒரே பங்க்கில், ஒரே பம்பில், ஒரே திசையில் நின்று நிரப்புவது இதனால்தான்.

கிளிக் விழுந்த பிறகு "ரவுண்டு பண்ணிரட்டுமா சார்" என்பார்கள். 1,960 ரூபாயை 2,000 ஆக்குவதற்கு. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிளிக்குக்கு மேல் ஊற்றுவது ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் திரவமாகப் போய்ச் சேரும். அது கெட்டால் மாற்றும் செலவு நாற்பது ரூபாயில் முடியாது. யுபிஐ வந்த பிறகு சில்லறைக்கும் சாக்கு இல்லை.

பெட்ரோல் அல்லாதவை

புதிய டீசல் கார்கள் சிலவற்றில் டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே நீல நிறத்தில் இன்னொரு மூடி இருக்கும். அது யூரியா கலந்த நீருக்கானது. புகையைச் சுத்தப்படுத்த உதவும் திரவம். அதில் டீசலையோ டீசல் டேங்கில் அதையோ ஊற்றினால் செலவு லட்சத்தைத் தொடும். பெட்ரோல் காரில் டீசல் நாஸில் நுழையாது, அது தடிமன். டீசல் காரில் பெட்ரோல் நாஸில் சுலபமாக நுழைந்துவிடும். எனவே டீசல்காரர்கள் ஒவ்வொரு முறையும் வாய்விட்டு "டீசல்" என்று சொல்வது நல்லது. தவறி ஊற்றிவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி ஓரங்கட்டி டேங்கைக் காலி செய்யுங்கள்; சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம்.

சிஎன்ஜி வண்டியில் நிரப்பும் வாய் சிலவற்றில் பெட்ரோல் மூடிக்குள்ளேயே இருக்கும். வெளியில் கிட் போட்ட வண்டிகளில் பெரும்பாலும் பானெட்டைத் தூக்க வேண்டும். நிரப்பும்போது எல்லாரும் இறங்க வேண்டும் என்பதால் மழைக்காலத்தில் குடையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் மட்டும் நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே எந்தப் பக்கம் என்பதை வாங்கும் முன்பே பார்ப்பது நல்லது. எம்ஜி இசட்எஸ் இவிக்கும் டாடா பஞ்ச் இவிக்கும் சார்ஜ் வாய் மூக்கில். டெஸ்லாவுக்கு இடப்பக்கப் பின்புறத்தில். பங்க்கில் ஐந்து நிமிட வேலை, இங்கே அரைமணியோ ஒருமணியோ அப்படியே நிற்க வேண்டும். வேகச் சார்ஜர்களின் கேபிள் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கும், இழுத்துச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோக முடியாது. டெஸ்லா தன் சார்ஜர்களை மற்றக் கம்பெனி வண்டிகளுக்குத் திறந்துவிட்டபோது நடந்தது இதுதான்: கேபிள் எட்டாமல், ஒரு வண்டி இரண்டு வண்டிக்கான இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. வீட்டு விஷயம் இதைவிட முக்கியம். அபார்ட்மென்டில் உங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் சார்ஜர் பொருத்தும் சுவர் வண்டிக்கு முன்னால் வருமா பின்னால் வருமா, தூண் எந்தப் பக்கம், ரிவர்ஸில் நிறுத்தினால் கேபிள் எட்டுமா என்று டேப் வைத்து அளந்துவிட்டு, அதன் பிறகு புக்கிங் பணம் கட்டுங்கள்.